சிவப்புக் கோடு போட்ட நான்கு வரிகள்

எட்மண்டன், லண்டன்
7.11.2004

என் அன்பு மகள் தாரகாவுக்கு,

பிரசல்ஸ் குளிரில் நீயும் மருமகன் பாரானும் பேத்தி எவினும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு அம்மா எழுதுவது. எனக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை. எவின் கீறி அனுப்பிய மயிலைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். நாலு வயதில் கோட்டுக்கு வெளியே போகாமல் நிறம் தீட்டுகிற பிள்ளை இந்த வட்டாரத்தில் வேறு இல்லை. கடைக்காரச் சுப்பிரமணியன் அதைப் பார்த்து வாத்து என்றார். மயில் என்று திருத்தித்தான் அனுப்பினேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இது போனில் சொல்லுகிற விஷயம் இல்லை. உன் மாமி குலிசாரின் விஷயம். சம்பந்தி என்று மரியாதையாக எழுதத்தான் வேண்டும். ஆனால் கோட்டுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் அவள் துணி வெட்ட நான் தைத்தவள். எனக்கு அவள் என்றுதான் எழுத வருகிறது.

போன மாதக் கடைசியில் தெருவுக்கு எதிர்ப்பக்கம் அவள் வீட்டில் இருந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ரொட்டி சுட்டிருந்தாள், நான் சம்பல் கொண்டுபோயிருந்தேன். அவர்களின் குர்திஷ் சானலில் இயக்கத்துக்காகப் பேச மருமகன் வந்தார். கோட்டுப் போட்டு வடிவாக இருந்தார். அவர் கதைக்கக் கதைக்க இவளின் முகம் கறுத்துக்கொண்டு போனது. என்ன என்று கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான தொழிற்சாலைத் துருக்கியிலும் பாதி இங்கிலீசிலும்தான் எங்கள் கதை எல்லாம்.

“நாடு வேண்டாமாம்.”

“ஆர் சொன்னது?”

“என்ரை வயித்திலை பிறந்தது சொல்லுது.”

நிகழ்ச்சி முடிய மருமகன் வழக்கம்போல் போன் எடுத்தார். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எடுப்பதே இல்லை.

நேற்று ஒரு கொப்பியோடு என்னிடம் வந்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது. அவர்களின் சங்கத்தில் எழுதிக்கொடுக்க ஆட்கள் உண்டு, ஆனால் அங்கே கொடுக்கப் பயம். “இயக்கத்துக்குப் பிள்ளையைக் குடுத்த தாய் இயக்கத்தை எதிர்த்து எழுதுறாள் எண்டு அடுத்த நாளே சங்கம் முழுக்கத் தெரிஞ்சிடும். உன்ரை எழுத்து அவையளுக்கு விளங்காது. நீ உன்ரை பாசையிலை எழுது, உன்ரை மகள் அவனுக்கு வாசிக்கட்டும்” என்றாள். ஐந்தாம் வகுப்புவரை படித்த எனக்கு இப்படியும் ஒரு உத்தியோகம் வந்திருக்கிறது, பார். அவள் சொல்லச் சொல்ல எழுதியது இது:

‘பாரான், உன் அண்ணன் ரெசானை மலையில் எந்தப் பள்ளத்தில் போட்டு மூடினார்கள் என்று பத்து வருடமாக எனக்குத் தெரியாது. நாடு கிடைத்தால் அந்த நாடு தோண்டிப் பார்க்கும், எலும்பைப் பெட்டியில் வைத்துப் பெயர் எழுதி உன் கையில் தரும் என்று எனக்குச் சொன்னவன் நீ. இப்போது நாடு வேண்டாம் என்கிறாய். அப்படியென்றால் அவனை யார் தோண்டுவார்?’

இந்த நான்கு வரிக்கும் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். இதை மருமகனுக்கு வாசிக்காதே, பிள்ளை. கோபத்தில் வந்த சொல். அவர் வெளியே போய் நாலு பேர் முன்னால் கதைக்கிற மனிதர், மனம் உடைந்துபோகும். கீழே உள்ளதை வாசி:

‘மகனே, அம்மா சுகம். உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குளிருக்கு உள் உடுப்புப் போட்டுக்கொண்டு வெளியே போ.’

இது நான் கூட்டியது. எந்தத் தாயும் இதைத்தானே சொல்லுவாள்.

உன் குடும்பம் ஒற்றுமையாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் கேட்காத
அம்மா
ந. நகுலேஸ்வரி


பிரசல்ஸ்
21.11.2004

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சொன்னபடி சிவப்புக் கோடு போட்டதை விட்டுவிட்டு மிச்சத்தை வாசித்தேன். பாரானுக்குக் கண் கலங்கிவிட்டது. “அம்மாவுக்கு விளங்கியிட்டுது” என்று இரண்டு தரம் சொன்னார். உடனே கம்பளி உடுப்பை எடுத்துப் போட்டார், வீட்டுக்குள்ளேயே.

மாமிக்குச் சொல்லச் சொல்லி மூன்று பக்கம் சொன்னார். நான் சுருக்கி எழுதுகிறேன். தங்கள் ஜனத்தை நாலு நாடாக வெட்டியதே கோடுகள்தானாம். ஐந்தாவது கோட்டைத் தாங்களே கீறவேண்டுமா என்று கேட்கிறார். நாடு என்று ஒன்று வந்தால் தங்கள் பாசை பேசுகிற பொலிஸ்காரன் வருவானே தவிர வேறு ஒன்றும் மாறாதாம். அதைவிட ஊருக்கு ஊர் மக்கள் சபை வைத்துத் தங்கள் அலுவலைத் தாங்களே பார்ப்பதாம். சபையில் பாதிக் கதிரை பெண்களுக்காம். அம்மா, எனக்கு இதில் பிழை தெரியவில்லை. பாரான் இதை யாருக்கும் பயந்து சொல்லவில்லை. இரண்டு வருடமாக வாசித்து, தன்னோடு தானே சண்டை பிடித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தார். அவரோடு நின்றவர்களில் சிலர் போன கோடையில் பிரிந்து போய்விட்டார்கள். அந்தக் கவலையும் அவருக்கு இருக்கிறது.

மாமிக்கு எல்லாவற்றையும் சொல்லவேண்டாம். அவருக்கு விளங்குகிற அளவு சொல்லுங்கோ.

எவின் உங்களுக்கு இன்னொரு மயில் கீறுகிறாள். இது உண்மையிலேயே வாத்து மாதிரித்தான் இருக்கிறது.

உங்கள் மகள்
தாரகா


எட்மண்டன்
16.1.2005

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு அண்ணன் சுஜீத் கிங்ஸ்பரியிலிருந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். குலிசாருக்கும் ஒரு கிண்ணம் பொங்கல் கொண்டுவந்தேன். என் வீட்டுக்கு வந்து, சர்க்கரை காணாது என்று சொல்லிச் சீனிக்கட்டி போட்டுச் சாப்பிட்டாள்.

மருமகன் சொன்ன ஊர்ச்சபைக் கதையைக் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். “எங்கடை ஊரிலை தண்ணி வாய்க்கால் ஆருக்கு எண்டு சபை கூடி முடிவெடுக்க ஒன்பது வருசம் போச்சு. பிறகு ஆமிக்காரங்கள் ஊரையே எரிச்சுப் போட்டாங்கள். வாய்க்கால் இண்டைக்கும் கிடக்கு” என்றாள். இரண்டு வருடத்தில் இயக்கத்துக்கு இரண்டு பெயர் மாறிவிட்டதாம், கொடியும் மாறிவிட்டதாம். ரெசானின் படத்துக்குப் பின்னால் இருப்பது பழைய கொடி. அதையும் மாற்றித் தருவோமா என்று சங்கத்துப் பிள்ளை ஒன்று வந்து கேட்டதாம். “அவன் மாறமாட்டான், அவன் செத்திட்டான்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“என்ரை கேள்விக்கு என்ன சொன்னவன்?”

நான் என்ன செய்ய? “இது கடிதத்திலை சொல்லுற விசயம் இல்லையாம். நேரிலை வந்து சொல்லுறாராம்” என்றேன்.

அவள் தேத்தண்ணீர்க் கிளாசைக் கழுவி வைத்தாள். போகும்போது, “அப்ப அவனிட்டை ஒரு பதில் இருக்கு” என்றாள்.

அவள் அப்படிச் சந்தோசமாக நடந்து போனதை நான் கனகாலத்துக்குப் பிறகு கண்டேன். மருமகன் வரும்போது எப்படியும் இரண்டு ஆறுதல் வார்த்தை சொல்லுவார்தானே. தனிநாடு கேட்ட எங்கள் இயக்கத்து ஆட்களும் பேச்சுவார்த்தைக்கு ஒஸ்லோவுக்குப் போய் வேறு கதை கதைத்துவிட்டு வந்தவர்கள்தானே. அதற்காக இங்கே ஒரு வீட்டிலும் தாயும் பிள்ளையும் பேசாமல் இருக்கவில்லை.

அம்மா


பிரசல்ஸ்
27.2.2005

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்ல செய்தி. அவர்களின் புத்தாண்டான நியூரோஸ் விழாவில் பேச பாரானை லண்டனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மார்ச் 20 ஞாயிற்றுக்கிழமை. ரயிலால் இறங்கி நேரே மண்டபத்துக்கு வருவார். அடுத்த நாள் எவினுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறபடியால் எனக்கு வர ஏலாது.

அவர் மிகவும் சந்தோசமாக இருக்கிறார். “மற்றத் தாய்மார் எல்லாரும் என்னோடை கோபம், என்ரை அம்மா மட்டும்தான் விளங்கிக்கொண்டவ” என்று எல்லோரிடமும் சொல்லுகிறார். அதைக் கேட்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் நேரில் கண்டால் எல்லாம் சரியாகிவிடும். நீங்களும் பக்கத்தில் இருங்கோ.

தாரகா


எட்மண்டன்
22.3.2005

மகள் தாரகாவுக்கு,

நீ போனில் கேட்டபோது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் நீலச் சேலை உடுத்துக்கொண்டு அவளோடு போனேன். வெளியே இளம் ஆட்கள் நெருப்பைத் தாண்டிக் குதித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வெள்ளைத் துணியால் தலையை மூடி, படத்தை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் இருந்தார்கள். குலிசார் நடுவில், நான் பக்கத்தில். மருமகன் வந்ததும் அவள் கையைக் கொஞ்சித் தன் நெற்றியில் வைத்தார். அவள் அவருடைய தலையைப் பிடித்து உச்சியை மோந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. என் கையெழுத்தால் சேர்ந்த இரண்டு பேர் என்று நினைத்தேன்.

மருமகன் மேடையில் ஏறிப் பேசினார். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை இங்கிலீசில் சொல்லிக்கொண்டு வந்தது. எல்லை இல்லாத வாழ்க்கை, ஊர்ச்சபை, எல்லாம் நீ எழுதியதுதான். சனம் கை தட்டியது. தட்டி முடியக் குலிசார் எழும்பினாள். ரெசானின் படம் கையில்.

“பாரான், நான் எழுதிக் கேட்டதுக்கு இன்னும் நீ பதில் சொல்லேல்லை.”

மருமகன் ஒலிவாங்கியை விட்டு விலகிக் குனிந்தார். “எந்தக் கேள்வி, அம்மா?”

“கடிதத்திலை எழுதினனே.”

“கடிதத்திலை சுகம் எண்டும், குளிருக்கு உடுப்புப் போடச் சொல்லியும்தானே இருந்தது.”

பின்னுக்கு ஆரோ சிரித்தார்கள். அது கெட்ட சிரிப்பு இல்லை, தாயையும் பிள்ளையையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புத்தான். ஆனால் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு மொழிபெயர்த்த பிள்ளையும் வாயை மூடிக்கொண்டது.

அவள் கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை. படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு இருந்தாள். மருமகன் மிச்சத்தையும் பேசி முடித்தார், என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் மேடையால் இறங்கி அவளிடம் வந்தார். அவள் முகத்தைக் கொடுக்கவில்லை. நான்தான் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், வீட்டில் தாரகா எல்லாம் சொல்லுவாள் என்றேன்.

பஸ் தரிப்பில் அவள் வாய் திறந்தாள்.

“பன்னிரண்டு வருசம் நான் கீறித் தந்த கோட்டிலை நீ தைச்சனி. ஒரு நூல் விலகித் தைச்சதில்லை. இதிலை மட்டும் ஏன் உன்ரை எண்ணத்துக்குத் தைச்சனி?”

“உனக்கும் பிள்ளைக்கும் நல்லதுக்குத்தான் குலிசார்.”

“உன்ரை மகனை நீ உங்கடை இயக்கத்துக்குக் குடுக்காமல் கொழும்புக்கு ஒளிச்சுக் கொண்டுபோய்ப் பிளேன் ஏத்தினனி. இப்ப ஞாயிறு எண்டால் கிங்ஸ்பரிக்குப் போய்ப் பாக்கிறாய். நான் அதைப் பிழை எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. ஆனா என்ரை கேள்வி உனக்குச் சின்னன். ஏனெண்டால் உனக்கு ஒருத்தரையும் தோண்டவேண்டி இல்லை.”

259 பஸ் வந்தது. அவள் ஏறி மேல்தட்டுக்குப் போய்விட்டாள். என்னுடைய முழங்காலுக்கு மேலே ஏற ஏலாது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நான்கு வரியையும் மருமகனுக்கு வாசி, பிள்ளை. ஒன்றும் விடாதே.

அம்மா


பிரசல்ஸ்
17.4.2005

அம்மாவுக்கு,

மேசை லாச்சியிலிருந்து உங்கள் பழைய கடிதத்தை எடுத்து வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு பல்கனியில் போய் இருந்தார். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள், “எழுது” என்று சொன்னார். அவர் சொன்னது இவ்வளவுதான்:

‘எனக்குத் தெரியாது அம்மா. அண்ணனை யார் தோண்டுவார் என்று எனக்குத் தெரியாது. நான் உங்களுக்கு அப்படிச் சொன்னதையே மறந்துபோனேன்.’

ஆறுதலாக இன்னும் இரண்டு வரி போடுவோமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா, உங்களில் மட்டும் பிழை சொல்ல மாட்டேன். விட்டு வாசித்த வாய் என்னுடையது. ஆனால் ஒன்று எழுதவேண்டும். இப்போது எவினின் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுக் கடிதத்தைக்கூட அவர் தானே அகராதி வைத்துப் பார்க்கிறார். ஏன் என்று கேட்டால், “நீ எதை வாசிக்கிறாய், எதை விடுறாய் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்” என்கிறார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சண்டை பிடித்தால் நல்லது போல இருக்கிறது.

நீங்கள் எனக்கு எழுதுகிற கடிதங்களிலும் இப்படி விட்டுத்தான் எழுதுகிறீர்களா? உங்கள் முழங்கால் உண்மையில் எப்படி இருக்கிறது?

தாரகா


எட்மண்டன்
8.5.2005

மகளே,

முதலில் நீ கேட்டதற்குப் பதில். முழங்காலை வெட்டி வேறு போடவேண்டும் என்று போன வருடமே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பயத்தில் நான் திகதி எடுக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு வராததற்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை. எங்கள் ஆட்களுக்கு முன்னால் ஒரு குர்திஷ் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க வெட்கப்பட்டேன். இப்போது அவர் என் பிள்ளை. ஆனால் அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

மருமகன் சொன்ன மூன்று வரியையும் கொண்டுபோனேன். நியூரோசுக்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தரம். அவள் கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் படியில் நின்றே சொன்னேன். கடதாசியைப் பார்த்துப் பார்த்து, ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னேன்.

அவள் கடதாசியைத் தன் கையில் வாங்கிப் பார்த்தாள். தமிழ் எழுத்தில் அவளுக்கு என்ன தெரியும்? பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“இது அவன் சொன்னதோ, நீ தைச்சதோ?”

“அவர் சொன்னதுதான். எவின் ஆணை.”

“அவன் தெரியாது எண்டு சொல்லமாட்டான். சின்னனிலையிருந்து எல்லாத்துக்கும் அவனிட்டை ஒரு பதில் இருக்கும். அண்ணன் அடிச்சால்கூட ஏன் அடிச்சது பிழை எண்டு மூண்டு காரணம் சொல்லுவான்.” இதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள். “நீ நல்லவள் நகுலா. உன்ரை நல்ல மனத்தாலைதான் எனக்கு உன்னை நம்ப ஏலாமல் கிடக்கு.”

கடதாசியை மடித்து என்னிடமே தந்தாள்.

அவள் ஊருக்குப் போகிறாள், தாரகா. ஜூன் 5 பிளேன். தமக்கை டியார்பக்கிரில் இருக்கிறாளாம். பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார் சில பேர் ஒன்றாகச் சேர்ந்து மலைப்பக்கம் போய் வருகிறார்களாம், தானும் அவர்களோடு நடக்கப்போகிறாளாம். வீட்டைக் காலி செய்து திறப்பைக் கவுன்சிலில் கொடுக்கப்போகிறாள். திரும்பி வருகிற நினைப்பு இல்லை.

மருமகன் துருக்கியில் கால் வைத்தால் பிடித்துவிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். அவள் போனால் பிறகு இரண்டு பேரும் முகம் பார்க்க ஏலாது. ஆகவே இதை அவருக்கு வாசி. அவர் வரவேண்டும். விழாவுக்கு இல்லை, கூட்டத்துக்கு இல்லை. அந்தக் கதவைத் தட்டி, எனக்குத் தெரியாது என்று தன் வாயால், தங்கள் பாசையில் சொல்லவேண்டும். என்னிடம் வரவேண்டாம். சாப்பாடு செய்து வைப்பேன் என்றும் சொல்லவில்லை. அவர் நேரே அங்கே போகட்டும்.

அந்த வீட்டுக் கதையை இனி நான் கொண்டு திரிய மாட்டேன்.

அம்மா


எட்மண்டன்
12.6.2005

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மருமகன் திரும்பி வந்ததிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை, அங்கே என்ன நடந்தது என்று எழுதச் சொல்லி இருந்தாய். என் ஜன்னலில் நின்று நான் கண்டதை எழுதுகிறேன்.

அவளின் பயணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை, மூன்று மணியளவில் வந்தார். தோளில் ஒரு பை. என் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை, அது சரிதான். அவளின் கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். அவர் பையைப் படியில் வைத்துவிட்டு ஏதோ சொன்னார். நீளமாக இல்லை. நான் மூன்று வரி வாசிக்கிற நேரம்தான் இருக்கும்.

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். கனநேரம் நின்றாள். அவரும் நின்றார். பிறகு அவள் கொஞ்சம் விலகி வழி விட்டாள். அவர் உள்ளே போனார். பை படியிலேயே கிடந்தது. பின்னேரம் அவளே வந்து அதை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கார் வந்தது. மருமகன் இரண்டு பெட்டிகளைத் தூக்கி ஏற்றினார். ரெசானின் படத்தைத் துணியில் சுற்றி அவள் தன் கையில் வைத்திருந்தாள். நான் ஜன்னலில்தான் நின்றேன். காரில் ஏறுமுன் அவள் தெருவை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை மட்டும் பார்த்தாள். அதில் என் ஜன்னலும் இருந்தது. கை காட்டவில்லை. நானும் காட்டவில்லை. கார் போய்விட்டது.

அவளின் வீட்டில் இப்போது கவுன்சில் ஆட்கள் சுவருக்குப் பூச்சடிக்கிறார்கள்.

உள்ளே தாயும் பிள்ளையும் என்ன கதைத்தார்கள், அழுதார்களா, அவள் அவரை மன்னித்தாளா, எனக்குத் தெரியாது. உனக்கு ஆறுதலாக ஏதாவது ஒரு வரி எழுதக் கை வருகிறது. எழுதவில்லை.

அம்மா